சூடு ஆறாத கட்டில்

அத்தியாயம் ஒன்பது

கட்டில் ராத்திரி பூரா காலியாகவே கிடந்தது.

அம்மா பிடிவாதமாகத் தரையில் படுத்தாள். அம்மா தரையில் படுக்கும்போது தான் மட்டும் எப்படிக் கட்டிலில் படுப்பது என்று மகளும் தரையில் படுத்தாள். அந்த ரூமில் ரெண்டு பேர் தரையில் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. ஒரு கட்டில், ஒரு வாஷ்பேசின், ஸ்டூல் மேல் ஒரு மின்சார அடுப்பு, ஒரு ஜன்னல். சின்னவளின் சம்பளத்தில் பாதிக்கு மேல் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிற ரூம் அவ்வளவுதான் இருந்தது.

அம்மாவுக்குத் தூக்கம் எங்கே வந்தது? நேற்று மத்தியானம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபோது உள்ளங்கையில் பட்ட சூடு இன்னும் போகவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அது உட்கார்ந்து எழுந்த சூடு இல்லை. ஒரு ஆள் நன்றாக இழுத்துப் போர்த்தித் தூங்கி எழுந்துபோன சூடு. மகளோ காலையிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கடை வேலையில் இருந்தவள். அம்மா கீழேயிருந்து போன் பண்ணியதும், "நீ மேல போகாதேம்மா, எதிர்ல லாண்டரி கடையில உக்காரு, இதோ வந்துட்டேன்" என்று அலறியடித்து ஓடி வந்தவள். அப்படியென்றால் தூங்கியது யார்?

அம்மா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, செக்கரம்மாதான். அவள் ஏறினால் ஒழுங்காக டிக்கெட் எடுத்தவன்கூட ஒருமுறை பாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வான். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. சந்தேகப்பட்ட ஆளிடம் முதலில் போகவே மாட்டாள். பக்கத்து சீட்டுக்காரரிடம் சாவகாசமாக நின்று பேசுவாள். குரல் தேனாக இருக்கும். திருட்டு முழி முழிக்கிறவன் தானாகவே எழுந்து படிக்கட்டுப் பக்கம் வருவான். இவள் அங்கே நிற்பாள்.

அப்படிப்பட்டவளைப் பத்து நாள் லீவு போட வைத்து இங்கே அனுப்பியது பெரியவன்.

"அம்மா, தங்கச்சிகிட்ட பேசிட்டிருந்தேன். பின்னால ஒரு ஆம்பளை இருமற சத்தம் கேட்டுது. நல்ல கட்டைக் குரல். நான் ஒண்ணும் சொல்லல. நீயே போய்ப் பாரு."

ஒண்ணும் சொல்லலை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கூடவே, "மாட்டினான்னா ஒரு வார்த்தை சொல்லு, வேனை எடுத்துட்டு வந்து சாமானோட அவளையும் ஏத்திட்டு வந்துடறேன்" என்றும் சொன்னான்.

சின்னவள் வேலை கிடைத்துத் தனியாக இருக்கக் கிளம்பியபோது அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொன்னேன்னு தெரிஞ்சாலும் மறுநாளே பெட்டியைக் கட்டிடணும்." மகளும் சத்தியம் பண்ணினாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம்.

விடிந்ததும் செக்கரம்மா வேலையை ஆரம்பித்தாள்.

"ஏன்டி, ஜன்னலுக்கு எதுக்கு இவ்வளவு தடிமனா கருப்புத் துணி?"

"தெரு விளக்கும்மா. ராத்திரி கண்ணைக் குத்துது."

தெரு விளக்கு கட்டடத்தின் மறுபக்கம் இருப்பதை அம்மா நேற்றே பார்த்துவிட்டாள். பகல் வெளிச்சத்தை மறைக்க வேண்டியவர்கள்தான் இப்படித் துணி மாட்டுவார்கள். உம் என்று மட்டும் சொல்லிவிட்டு டீயை ஆற்றினாள்.

மகள் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்துப் பைக்குள் திணித்தாள். அம்மாவின் கண்ணுக்குத் தப்புமா? கருப்பு பூட்ஸ். பெரிய பூட்ஸ். செத்துப்போன அப்பாவின் காலைவிடப் பெரிய காலுக்கானது. ஒன்றில் கருப்பு லேஸ், இன்னொன்றில் லேஸுக்குப் பதில் காயத்துக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணியைக் கிழித்துக் கோத்திருந்தது.

"அது யாரோடதுடி?"

"கடையில கூட வேலை பார்க்கறவரோடதும்மா. ரிப்பேருக்குக் குடுக்கணும்."

"அவரு பூட்ஸ் உன் கட்டிலுக்கு அடியில வந்துதான் ரிப்பேராச்சா?"

மகள் அசடு வழிந்தாள். "அவருக்கு நேரமில்லம்மா. நான்தான் தைக்கிறவர்கிட்ட குடுக்கறேன்னு வாங்கிட்டு வந்தேன்."

நல்லாப் பூ சுத்தறா காதுல என்று நினைத்துக்கொண்டாள் அம்மா. பொய் சொல்லத் தெரியாத பெண். சின்ன வயதில் பென்சில் தொலைத்தால்கூட அழுதுகொண்டே வந்து சொல்லுவாள். இப்போது மூச்சு விடாமல் சொல்கிறாள்.

இன்னொன்றும் உறுத்தியது. வேலையில் சேர்ந்த புதிதில் மாசக் கடைசியானால் போன் வரும். "அம்மா, கொஞ்சம் அனுப்பறியா?" என்று இழுப்பாள். அந்த போன் கொஞ்ச காலமாக வரவில்லை. சம்பளம் ஏறவில்லை, வாடகை இறங்கவில்லை. பிறகு எந்தப் புண்ணியவான் குடுக்கிறான்?

"பகல்ல ரூம்லயே இருக்காதேம்மா. ஒரே புழுக்கம். ரெண்டு தெரு தள்ளி பெரிய பார்க் இருக்கு. நல்ல காத்து வரும். சாயங்காலம் வரைக்கும் அங்கயே உக்காரலாம்."

"சாயங்காலம் வரைக்குமா?"

"உனக்குத்தான் மூட்டு வலி இருக்கே. நடந்தா நல்லது."

"மூட்டு வலிக்காரி சாயங்காலம் வரைக்கும் பார்க்குல என்னடி பண்ணுவா, ஓட்டப் பந்தயமா?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "சரி, போறேன்" என்றாள். குரல் தேனாக இருந்தது.

மகள் படியிறங்கிப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து அம்மாவும் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள். பார்க்குக்கா? எதிரில் இருந்த லாண்டரி கடைக்கு. கண்ணாடி போட்ட கடை. உட்கார்ந்தால் கட்டடத்து வாசல் நேர் எதிரே தெரியும். நேற்றே பார்த்து வைத்துவிட்டாள். அவன் எவனாக இருந்தாலும் அந்த வாசலில்தானே நுழைய வேண்டும்!

காசைப் போட்டால் தானே துவைத்து உலர்த்துகிற மெஷின்கள் வரிசையாக உருண்டுகொண்டிருந்தன. சுவரோரம் நீள பெஞ்சு. அதன் ஒரு கோடியில், உலர்த்துகிற மெஷினின் கதகதப்பில், ஒரு தடித்த ஆள் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். கனமான ஜாக்கெட். மடியில் ஒரு போன். நேற்று மத்தியானம் இவன் இல்லை. குடிகாரனோ என்னவோ. அம்மா ஒரு இடம் விட்டு உட்கார்ந்து வாசலை முறைக்க ஆரம்பித்தாள்.

பால்காரர் போனார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஒருத்தி வந்தாள். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு கட்டட மேனேஜர் வெளியே வந்து தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இளவயசு ஆண்பிள்ளை ஒருவன் வந்தபோது அம்மா பாதி எழுந்துவிட்டாள். அவன் ஏதோ பார்சலைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிப் போய்விட்டான்.

பக்கத்து ஆள் தூக்கத்தில் இருமினான். கட்டை இருமல். பெஞ்சு ஒரு ஆட்டம் ஆடியது.

அம்மா எரிச்சலோடு திரும்பினாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண் தானாகக் கீழே போனது. பெரிய கருப்பு பூட்ஸ். ஒன்றில் கருப்பு லேஸ், இன்னொன்றில் வெள்ளைத் துணி.

அடப்பாவி!

ஊரையெல்லாம் வேவு பார்க்கிறேன் என்று வந்தவள், இத்தனை நேரம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசலை முறைத்திருக்கிறாள். டிப்போவில் தெரிந்தால் வருஷம் பூரா சொல்லிச் சிரிப்பார்கள். வந்தது கோபமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. மகளைவிட ரெண்டு பங்கு உருவம். வயசும் கூட இருக்கும் போலிருக்கிறது. இவனுக்காகவா? இந்தப் பூட்ஸ்காரனுக்காகவா என் பெண் என்னிடம் பொய் சொன்னாள்?

அந்த நேரம் பார்த்து அவன் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் மகளின் முகம். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா யோசிக்கவே இல்லை. எட்டி எடுத்துக் காதில் வைத்துவிட்டாள்.

"அக்கா! அம்மா பார்க்குக்குப் போயிட்டாங்கக்கா. சீக்கிரம் மேல போய்ப் படுங்க. நேத்துல இருந்து பொட்டுத் தூக்கம் இல்ல உங்களுக்கு. சாவி இருக்குல்ல? அக்கா? தூங்கிட்டீங்களா?"

அம்மா போனை அணைத்தாள்.

அக்காவா?

தொப்பியை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு பின்னல் சரிந்து தோளில் விழுந்தது. காதில் சின்னத் தோடு. கண்ணுக்குக் கீழே கரி பூசிய மாதிரி வளையம். நாற்பதைத் தொடுகிற ஒரு பெண், வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரி தூங்கினாள்.

"ஏம்மா. எழுந்திரு."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். கையில் போனோடு நிற்கும் அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"நீங்க... அவங்க அம்மா."

"நான் அவங்க அம்மாதான். நீ யாரு?"

ஆம்புலன்ஸ் டிரைவராம். ராத்திரி ஷிஃப்ட். அம்மா கேட்கக் கேட்க எல்லாம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடைசியாக வந்தவர்களுக்குத்தான் ராத்திரி வண்டி, கடைசிச் சம்பளம். இந்த ஊரில் அந்தச் சம்பளத்துக்குக் கழிப்பறைகூட வாடகைக்குக் கிடைக்காது. கண்ணாடி மாற்ற மகளின் கடைக்குப் போனபோது பழக்கமாம்.

"ராத்திரி அவ தூங்கறா, நான் வண்டி ஓட்டறேன். பகல்ல அவ கடைக்குப் போயிடறா, நான் வந்து படுத்துக்கறேன். வாடகை ஆளுக்குப் பாதி. சும்மா கிடக்கற கட்டில்தானே அக்கான்னு அவதான்மா சொன்னா. நேத்து நீங்க வரீங்கன்னு போன் வந்ததும் கையில கிடைச்ச செருப்பை மாட்டிட்டுப் பின் படியில ஓடிட்டேன். காலையில அவதான் பூட்ஸைக் கொண்டு வந்து குடுத்தா."

"அப்ப நேத்து எங்க தூங்கினே?"

"எங்க தூங்கறது? இங்கதான், இப்ப உக்காந்தபடியே கொஞ்சம்." சொல்லிவிட்டு மறுபடி இருமினாள். பெரியவன் கேட்ட கட்டைக் குரல் ஆம்பளை இருமல் அதுதான். "ஓனருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவாங்கம்மா. அந்த ரூம் ஒரு ஆளுக்குத்தான். அவளைத் திட்டாதீங்க."

ஒரு டிக்கெட்டில் ரெண்டு பேர்! இத்தனை வருஷமாக அவள் பிடித்துக் கீழே இறக்கிவிட்டதெல்லாம் இந்தக் கேஸ்தான். அதைத் தன் வயிற்றில் பிறந்ததே செய்திருக்கிறது. எவனோ ஒருவன் இல்லை என்று ஒரு பக்கம் உயிர் வந்தது. அப்படியும் பொய் பொய்தானே என்று இன்னொரு பக்கம் கொதித்தது.

"இன்னிக்கு ராத்திரியும் வண்டி எடுக்கணுமா?"

"எடுக்கணும்மா."

தூக்கம் கெட்ட டிரைவர் எப்படிக் கண்ணைக் கசக்குவான், எப்படித் தலையை உதறுவான் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் அம்மா. அந்த வண்டிக்குள் எவர் வீட்டு உயிரோ படுத்திருக்கும். எல்லாம் எதனால்? இவள் போய்க் கட்டிலில் சூடு பார்த்ததால்.

"எழுந்திரு. முதல்ல மேல வந்து தூங்கு. விசாரணை அப்புறம்."

டிரைவரக்கா கட்டிலில் சாய்ந்ததுதான் தெரியும், அடுத்த மூச்சு குறட்டையாக வந்தது. அம்மா கருப்புத் துணியை இழுத்துவிட்டாள். இந்த ரூமில் வேறு எங்கே உட்காருவது? கதவைச் சாத்திவிட்டு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் தாண்டியதும் சாவிக்கொத்துச் சத்தம் மேலே ஏறி வந்தது.

"என்னம்மா, படியில உக்காந்துட்டீங்க?" மேனேஜர் சிரித்தார். கண் மட்டும் கதவு மேல் இருந்தது. "உள்ள ஒரு பார்வை பார்க்கணுமே. இந்த ரூம்ல இன்னொரு ஆள் தங்கறதா தகவல்."

அந்தச் சமயம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு இருமல். கதவே அதிர்ந்தது.

"யாரது?" மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது.

"என் தங்கச்சி." அம்மா எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள். "என் கூடத்தான் வந்தா. உடம்புக்கு முடியல. இப்பத்தான் கண் அசந்தா. எழுப்பணும்னா எழுப்புங்க, ஆனா அவளுக்கு இருக்கறது ஒட்டிக்கற இருமல்."

மேனேஜர் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டார்.

அம்மாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. சர்வீஸில் ஒரு போலி டிக்கெட்டைக்கூட அவள் விட்டதில்லை. இன்றைக்குத் தானே ஒன்றை அச்சடித்து நீட்டிவிட்டாள். நாக்கு குழறவே இல்லை.

"விருந்தாளின்னா ஒரு வாரம் இருக்கலாம்மா. அதுக்கு மேல இருந்தா ஓனர் ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவார். அப்புறம் என்னைச் சொல்லிக் குத்தமில்ல."

"சரிங்க. ஆமா, இன்னொரு ஆள் இருக்கறதா உங்களுக்கு யாரு சொன்னது?" குரல் தேனாகிவிட்டது.

"யாரு சொல்லுவாங்க? உங்க பையன்தாம்மா."

"என் பையனா?"

"போன் பண்ணினாரே. போன மாசமே பண்ணினாரு. அப்புறமும் ரெண்டு தடவை. பகல்ல ஒருத்தி வந்து தூங்கிட்டுப் போறா, பாருங்கன்னாரு. நான் காலி பண்ணச் சொன்னா அவர் தங்கச்சி எப்ப வெளிய வருவான்னுகூடக் கேட்டாரு. தங்கச்சி மேல ரொம்ப அக்கறைதான். எனக்குத்தான் இன்னிக்கு வரை ஏறி வந்து பார்க்க ஒழியல." சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

அம்மா மறுபடி படியில் உட்கார்ந்தாள்.

போன மாசமா? பெரியவன் அவளிடம் சொன்னது போன வாரம். ஆம்பளை இருமல் என்றான். மேனேஜரிடம் ஒருத்தி என்றிருக்கிறான். தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறான். தங்கச்சி எவனையோ ரூமில் வைத்திருக்கிறாள் என்று பெற்ற தாயையே நம்ப வைத்திருக்கிறான். தான் பெற்ற பிள்ளையா இது? அழக்கூடத் தோன்றவில்லை.

சாயங்காலம் மகள் படியேறி வந்தாள். வாசலில் அம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். உடனே ஒரு பொய் தயாரானது முகத்திலேயே தெரிந்தது.

"என்னம்மா இங்க உக்காந்திருக்கே? பூட்டு திறக்கலையா? அந்தப் பூட்டு அப்படித்தான், சில சமயம்..."

"மெல்லப் பேசுடி. உள்ள ஆள் தூங்குது."

மகளின் கையிலிருந்த பை நழுவியது. படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். சத்தம் வராமல் அழுதாள். அம்மா கொஞ்ச நேரம் அழ விட்டாள்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா பெட்டியைக் கட்டுன்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்தான்," என்றாள் அம்மா.

"எனக்கு இந்த ரூம் வேணும்மா. சின்னதுதான், அசிங்கம்தான். ஆனா காலையில நானே எழுந்து, நானே கதவைப் பூட்டிட்டு வேலைக்குப் போறேன்ல, அது வேணும். ஒவ்வொரு மாசமும் உன்கிட்ட கேக்க வெக்கமா இருந்துது. இது தப்புன்னு தெரியும். வேற வழி தெரியல."

அம்மா அவள் தலையில் கை வைத்தாள். தடவினாளா குட்டினாளா என்று சொல்ல முடியாத ஒரு வைப்பு.

"அழாதே. ஒண்ணே ஒண்ணு மட்டும் யோசிச்சு சொல்லு. இந்தப் பகல் தூக்கக் கதை வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதும்மா. அண்ணனுக்கு மட்டும்தான். ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னேன். ஒருத்தர்கிட்டயாவது உண்மையைச் சொல்லணும் போல இருந்துது. சிரிச்சான். நல்ல ஐடியாவாச்சேன்னு சொன்னான். அம்மாகிட்ட மூச்சு விட மாட்டேன்னு சத்தியம் பண்ணினான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம்தான் அவன் புதுசா போட்ட போன் கடையில கல்லாவுல உக்கார வரியான்னு கேட்டான். வெளியாளை நம்ப முடியலையாம். நான் வரலன்னுட்டேன். அதுக்கும் சிரிச்சான். ஏம்மா கேக்கறே?"

பதில் சொல்வதற்குள் அம்மாவின் போன் அடித்தது. பெரியவன்.

"என்னம்மா, ஆள் மாட்டினானா?"

"மாட்டிட்டான்ப்பா," என்றாள் அம்மா. தேன். சுத்தமான தேன். அந்தக் குரலைச் சின்ன வயதிலிருந்து கேட்ட மகள் சட்டென்று தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல! யாரும்மா அவன்?"

உள்ளே டிரைவரக்கா ஷிஃப்டுக்கு எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. கட்டில் கிரீச்சிட்டது, பின்னாலேயே அந்தக் கட்டை இருமல்.

"அம்மா, அங்க யாரு இருமறது?"

"அதுவா? உன் சித்தி."

"சித்தியா? எனக்கேதும்மா சித்தி?"

"நேத்து வரைக்கும் இல்ல. எல்லாம் போன்ல வேணாம்ப்பா. நீ வேனை எடுத்துக்கிட்டுக் கிளம்பி வா. வேற எங்கயும் தேட வேணாம், நான் இந்தப் படிக்கட்டுலயேதான் உக்காந்திருப்பேன்."